சங்கிலிக்கு ஓர் இடம்

டிராக்டர் கம்பெனிகள் அச்சிடும் விளம்பரப் படங்களைக் கவனித்துப் பாருங்கள். புதுப் பெயின்ட், புது டயர், பின்னால் பச்சை வயல். வண்டியில் எதுவும் தொங்காது. அதே வண்டியை இரண்டு வருஷம் கழித்து ஒரு விவசாயியின் களத்தில் போய்ப் பாருங்கள். மட்கார்டில் ஒரு பெட்டி முளைத்திருக்கும். இருக்கைக்குப் பின்னால் ஒரு வாளி கட்டியிருக்கும். எங்காவது ஒரு கொக்கியில் சங்கிலி சுற்றியிருக்கும். இவை எதுவும் கம்பெனி கொடுத்ததல்ல. வாங்கியவர் தானே வெட்டி, ஒட்டி, முடுக்கிச் சேர்த்தவை.

டிராக்டரின் வரலாற்றை எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதினார்கள், கியரைப் பற்றி எழுதினார்கள், ஃபோர்டையும் ஃபெர்குசனையும் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். இந்த ஒட்டுப் பெட்டிகளைப் பற்றித் தனியாக எழுதியவர்கள் குறைவு. எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனாலும் இந்தப் பெட்டிகளின் கதை, வண்டியின் கதையிலிருந்து பிரிக்க முடியாதது என்று நினைக்கிறேன். வண்டியைச் செய்தவர்கள் எதை மறந்தார்கள் என்பது இந்தப் பெட்டிகளில்தான் தெரிகிறது. சில இடங்களில் அந்த மறதி உயிரையும் வாங்கியிருக்கிறது.

முதலில் சங்கிலி. அமெரிக்க, கனடிய விவசாயிக்குச் சங்கிலி இல்லாமல் ஒரு நாள் நகராது. வெட்டிய மரத்தை இழுக்க, வேரோடு கட்டையைப் பிடுங்க, சேற்றில் மாட்டிய வண்டியை வெளியே எடுக்க, பாரத்தை இறுக்கிக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். அங்கே பண்ணைகளில் சாதாரணமாகப் புழங்குவது 3/8 அங்குலக் கம்பியில் செய்த, 20 அடி நீளச் சங்கிலி. இரண்டு முனையிலும் கொக்கி. எடை ஏறக்குறைய 14 கிலோ. அதிலே 'கிரேடு 70' என்று முத்திரையிட்ட ரகம் என்றால், 6,600 பவுண்டு, அதாவது நம் கணக்கில் சுமார் 3 டன் இழுவைக்கு அனுமதிக்கப்பட்டது. எண்ணெயும் மண்ணும் துருவும் ஏறிய 14 கிலோ இரும்புப் பாம்பை எங்கே வைப்பது? சட்டைப் பையில் வைக்க முடியாது. வீட்டில் வைத்துவிட்டு வந்தால், தேவைப்படும்போது ஒரு மைல் நடக்க வேண்டும்.

குதிரைக் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. இழுவைச் சங்கிலி குதிரையின் சேணத்தோடே இருந்தது. வண்டியின் முன்பக்கத்தில் ஓட்டுபவனுக்கென்று ஒரு மரப்பெட்டியும் இருக்கும். சுத்தியல், ஆணி, தோல்வார் எல்லாம் அதில் போகும். குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைப் பூட்டியபோது அந்தப் பெட்டியும் கழன்று போய்விட்டது.

ஹென்றி ஃபோர்டின் 'ஃபோர்ட்சன்' டிராக்டர் 1917 அக்டோபரில் வெளிவரத் தொடங்கியது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1928-ல் நிற்பதற்குள் 7 லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். 1922-ல் விலையை 395 டாலருக்கு இறக்கினார் ஃபோர்டு. குதிரை வைத்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். எடை சுமார் 1,200 கிலோதான். லேசான வண்டி, மலிவான வண்டி. ஒரு பெரிய குறையும் இருந்தது. மல்லாந்து கவிழும்.

எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் சங்கிலியின் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. கலப்பையோ சங்கிலியோ ஒரு வேரில் மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. சக்கரம் சுற்ற முடியாதபோது, அந்த விசை வண்டியின் உடலையே பின்அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் மேலே எழும். முழுதாகக் கவிழ ஒன்றரை நொடி போதும் என்கிறார்கள் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர்கள். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி அவர் மேல் இருக்கும். இதில் சங்கிலியை அச்சுக்குக் கீழே இருக்கும் டிராபாரில் மாட்டாமல், அச்சிலோ அதற்கு மேலே எங்காவதோ மாட்டியிருந்தால் ஆபத்து பல மடங்கு. இழுவையே வண்டியைப் பின்னால் சாய்க்கும். கட்டையைப் பிடுங்கப் போனவர்கள் பலர் இப்படித்தான் போனார்கள்.

டெட்ராய்ட்டில் பிப் என்ற பத்திரிகையாளர் இருந்தார். ஃபோர்டின் சொந்தப் பத்திரிகைக்கு முதல் ஆசிரியராக இருந்து, 1920-ல் விலகியவர். பிறகு தானே ஒரு வார இதழ் நடத்தினார். 1922-ல் ஃபோர்ட்சன் கவிழ்ந்து இறந்ததாக 136 பேரை அந்த இதழில் கணக்குக் காட்டினார். பழைய முதலாளி மேல் கோபம் இருந்திருக்கலாம். ஆனால் சாவுகள் கோபத்தால் முளைத்தவை அல்ல.

கம்பெனி கடைசியில் என்ன செய்தது தெரியுமா? 1920-களின் நடுவில் ஃபோர்ட்சனுக்கு நீளமான மட்கார்டு வந்தது. சக்கரத்துக்குப் பின்னால் வால் போல நீண்டு தரையை நோக்கி இறங்கும். வண்டி முன்னால் எழுந்தால் இந்த வால் தரையில் ஊன்றி, மேற்கொண்டு கவிழாமல் தடுக்கும். அந்த வாலுக்குள்ளேயே டூல் பாக்ஸை வைத்துவிட்டார்கள்! உயிரைக் காக்கும் பாகமும் ஸ்பேனர் வைக்கும் பெட்டியும் ஒன்றே. டிராக்டர் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இரும்புத் துண்டு இதுதான். யார் நினைத்ததோ, நல்ல மூளை.

அடுத்தவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்துக்காரர், 1884-ல் பிறந்தவர், 1909 டிசம்பர் 31 அன்று தானே செய்த விமானத்தில் பறந்தவர். முதல் உலகப் போரின்போது அயர்லாந்து அரசு டிராக்டர்களை மேற்பார்வை செய்யச் சொன்னபோது, கலப்பையைச் சங்கிலியால் இழுப்பதே தவறு என்று கண்டார். கலப்பை வண்டியின் உறுப்பாக இருக்க வேண்டும். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. இன்று நம்மூர் ஓட்டுநர்கள் டாப் லிங்க் என்று சொல்வது அந்த மேல் கையைத்தான். கலப்பை எதிலாவது மாட்டினால் அந்த மேல் கை வண்டியின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும். ஃபோர்ட்சன் எழுந்த இடத்தில் ஃபெர்குசன் அமர்ந்தது.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கவென்ட்ரியில் 5 லட்சத்துக்கு மேல் இந்தச் சாம்பல் நிற வண்டிகள் செய்தார்கள். பிரான்சிலும் 1953-லிருந்து பாரிசை அடுத்த சேன்-தெனியில் செய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பெத்தி க்ரி', சின்னச் சாம்பல். பள்ளியில் பிரெஞ்சு படித்த எனக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் பிரெஞ்சில் ஒருவகை நத்தைக்கும் அதே பெயர். தோட்டத்தில் ஊரும், வெண்ணெயும் பூண்டும் போட்டுச் சமைத்துத் தின்னும் நத்தை. தன் வீட்டைத் தானே சுமக்கும் பிராணி. விவசாயிகள் அந்தச் சின்னச் சாம்பலின் முதுகில் ஏற்றிய பெட்டிகளைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான்.

ஃபெர்குசன் ஒழுங்குப் பித்து பிடித்த மனிதர். வண்டியோடு அவர் கொடுத்த ஸ்பேனர் புகழ் பெற்றது. அந்த ஒரே ஸ்பேனரில் பெரும்பாலான நட்டுகளைத் திருப்பலாம். அதன் தண்டில் அங்குல அளவும் கோடு போட்டிருக்கும், கலப்பையைச் சரிசெய்ய அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நிறையக் கருவி வேண்டாம், ஒன்று போதும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் அவருடைய கண்டுபிடிப்பே ஒரு புதுத் தொல்லையைக் கொண்டுவந்தது. கருவிகளை நொடியில் மாற்றலாம் என்றால், மாட்டிய பின்னைக் கழற்ற வேண்டும், கழற்றிய பின்னை எங்காவது வைக்க வேண்டும். கீழ்க் கைக்கு 7/8 அங்குலப் பின், மேல் கைக்கு 3/4 அங்குலப் பின், ஒவ்வொன்றையும் கழலாமல் பிடிக்க வளையம் வைத்த சின்ன லாக் பின். கைகள் ஆடாமலிருக்கப் பக்கச் சங்கிலி வேறு. டாப் லிங்கைக் கழற்றினால் அதற்கும் ஓர் இடம் வேண்டும். புல்லில் விழுந்த லாக் பின்னைத் தேடி அரை நாளைக் கழித்த விவசாயி உலகம் முழுதும் உண்டு. அங்கிருந்துதான் வீட்டுத் தயாரிப்பு உண்மையில் பெருகியது. பழைய குழாய்த் துண்டில் துளை போட்டுப் பின்களை வரிசையாகச் செருகி வைப்பார்கள். இரும்புப் பட்டையை வளைத்து டாப் லிங்குக்குத் தொட்டில் செய்வார்கள்.

செய்யத் தெரிந்தால்தானே செய்ய முடியும்? அமெரிக்க விவசாயிக்கு அந்தக் கைப்பழக்கம் எப்படி வந்தது என்பதில் அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு. குமாஸ்தாவாக இருந்தவன் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். 1917-ல், அதாவது ஃபோர்ட்சன் வந்த அதே வருஷம், ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயத் தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. பிள்ளைகள் பள்ளிப் பட்டறையில் இரும்பு வேலை கற்றார்கள். 1935-ல் ரூஸ்வெல்ட் கிராம மின்மயத்துக்குத் தனி அமைப்பு உண்டாக்கினார். அப்போது பத்துப் பண்ணையில் ஒன்றில்தான் மின்சாரம். இருபது ஆண்டில் பத்துக்கு ஒன்பதைத் தாண்டியது. மின்சாரம் வந்தால் வெல்டிங் மெஷின் வரும். கல்லறைக் கல் போன்ற வடிவத்தால் 'டூம்ப்ஸ்டோன்' என்றே பெயரெடுத்த லிங்கன் கம்பெனியின் வெல்டிங் பெட்டி, பண்ணைக் கொட்டகைகளில் வீட்டுச் சாமானாகவே ஆகிவிட்டது.

பொருளுக்கும் பஞ்சமில்லை. இரண்டாம் போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட இரும்புத் தோட்டாப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. மூடியில் ரப்பர் பட்டை, ஒரே கையில் திறக்கும் தாழ், மழை புகாது. இரண்டு போல்ட் போட்டு மட்கார்டில் முடுக்கினால் கம்பெனி டூல் பாக்ஸை விட உசத்தி. துப்பாக்கித் தோட்டா இருந்த பெட்டியில் கிரீஸ் துப்பாக்கி!

இப்படிக் கையில் கிடைத்ததை வைத்துக் காரியத்தை முடிப்பவனுக்குப் பிரெஞ்சில் 'பிரிக்கோலர்' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் ஒரே சொல்லில் சொல்ல வரவில்லை, கைவேலைக்காரன் என்று வைத்துக்கொள்வோம். லெவி-ஸ்த்ரோஸ் என்ற அறிஞர் 1962-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கைவேலைக்காரனையும் எஞ்சினியரையும் எதிரெதிரே வைத்துப் பேசினார். எஞ்சினியர் திட்டத்துக்கேற்பப் பொருளைத் தேடுகிறான், இவன் இருக்கும் பொருளுக்கேற்பத் திட்டத்தை வளைக்கிறான். எங்கள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1962-ல்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, நினைவுக்கு வந்தது, சொன்னேன்.

1969-ல் ஜப்பானின் குபோட்டா அமெரிக்காவில் 21 குதிரைசக்திச் சிறு டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதுவரை பெரிய வண்டிகளையே பார்த்த நாட்டில் புதுவகை வாடிக்கையாளர் உருவானார்கள். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்து, வேறு வேலைக்கும் போய்வரும் மனிதர்கள். இவர்களின் வண்டியில் முன்னால் மண் அள்ளும் வாளி (லோடர்) இருக்கும். வண்டியே சின்னது என்பதால் சாமான் வைக்க இடமே இல்லை. வீட்டுத் தயாரிப்புப் பெட்டிகளின் பொற்காலம் இங்கே தொடங்குகிறது. 1977-ல் தொடங்கிய 'ஃபார்ம் ஷோ' என்ற பத்திரிகை, விவசாயிகள் தாங்களே செய்த சாதனங்களைப் படத்தோடு போட்டே பிழைத்தது.

இவற்றில் எனக்கு வியப்பளிப்பது கான்கிரீட் பெட்டி. முன்வாளியில் பாரம் ஏற்றினால் முன்அச்சு தராசின் நடுமுள் ஆகிவிடும், பின்பக்கம் மேலே எழும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்சக்கரம் தரையை விட்டால் பிரேக்கே கிடையாது, சரிவில் அப்படி ஆனால் கதி என்ன? அதனால் பின்னால் எதிர்ப்பாரம் வேண்டும். மூன்று கையிலும் மாட்டும்படி ஒரு இரும்புப் பெட்டி செய்து கான்கிரீட் நிரப்பினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,400 கிலோ. அரை மீட்டர் நீள அகல உயரப் பெட்டி என்றால் 300 கிலோ.

சும்மா ஒரு பாறையை எதற்குச் சுமப்பது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பிவிசி பைப் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். காய்ந்ததும் ஒன்றில் மண்வெட்டி, ஒன்றில் கடப்பாரை, ஒன்றில் வாரி என்று நட்டுவைக்க வசதி. ஒரு மூலையில் காலியிடம் விட்டால் அது சங்கிலிக் குழி. முன்பாரத்துக்கு எதிரே நிற்கிற சுமையே சாமான் அறையும் ஆகிவிட்டது. ஃபோர்ட்சனின் வால் மட்கார்டைப் போன்ற மூளைதான், இந்த முறை விவசாயியின் மூளை.

சங்கிலியை வைப்பதிலும் நுட்பம் இருக்கிறது. சுருட்டிப் போட்டால் சிக்கும். உயரமான, குறுகலான பாத்திரத்தில் ஒரு முனையிலிருந்து வரிசையாக இறக்கி, கடைசிக் கொக்கியை விளிம்பில் மாட்டிவிட்டால், எடுக்கும்போது முடிச்சு விழாமல் சரசரவென்று வரும். பெயின்ட் வரும் 19 லிட்டர் பிளாஸ்டிக் வாளி இதற்கு ஏற்றது. ஆனால் வெயிலில் வெடிக்கும். அதற்குப் பதில் ஆறங்குல இரும்புக் குழாய்க்கு அடித்தகடு ஒட்டி நிறுத்தினார்கள். அடியில் துளை போடாவிட்டால் மழைநீர் நின்று சங்கிலி துருவில் ஒட்டிப்போகும். இரும்பில் இரும்பு மோதி மண்டை வலிக்கும் என்பதால் உள்ளே பழைய டயர் ரப்பரைப் போட்டவர்களும் உண்டு.

முன்வாளியின் மேல் விளிம்பில் கொக்கியை வெல்டிங் வைப்பது இன்னொரு வழி. இந்தக் கொக்கியின் வாய் குறுகல். சங்கிலியின் ஒரு கண்ணி அதில் நுழையும், அடுத்த கண்ணி குறுக்காக நிற்பதால் தடுத்துவிடும். எந்தக் கண்ணியிலும் நீளத்தை நிறுத்தலாம். வைக்கவும் அதுவே, தூக்கவும் அதுவே.

சிலர் எதுவும் செய்யாமல் சங்கிலியை டிராபாரிலேயே சுற்றி விடுவார்கள். இதுதான் மோசம். அவிழ்ந்து தொங்கும் முனை, பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் சிக்கினால் சாட்டையாக மாறும். 14 கிலோ சாட்டை. இருக்கையின் கீழே காலடியில் போடுவதும் அப்படியே, பிரேக் மிதியின் அடியில் உருண்டுபோகும்.

பெட்டி வைத்தவர்களும் தப்பவில்லை. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்க, இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் என்ற இரும்பு வளைவு வந்தது. 1959-ல் ஸ்வீடன் புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1976-ல் பண்ணைத் தொழிலாளர்கள் ஓட்டும் வண்டிகளுக்கு வந்தது, 1985-லிருந்து தயாரிப்பாளர்கள் தாங்களாகவே புது வண்டிகளில் வைத்தார்கள். விவசாயியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? சாமான் மாட்ட வாகான இரண்டு தூண்! துளை போட்டார்கள், ஆங்கிளை வெல்டிங் வைத்தார்கள், டூல் பாக்ஸைத் தொங்கவிட்டார்கள்.

அந்த வளைவு வெறும் தூண் அல்ல. கவிழும்போது ஓரளவு வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும்படி கணக்கிட்டு, சோதித்துச் செய்தது. துளை போட்டால் விசையெல்லாம் அந்தத் துளையின் ஓரத்தில் குவியும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணமே மாறும். வளைய வேண்டியது ஒடியும். கம்பெனிகளின் கையேட்டில் துளைக்காதே, ஒட்டாதே என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அதன் பிறகு விவரம் தெரிந்தவர்கள் யூ போல்ட்டால் இறுக்கும் கிளாம்ப் வகைக்கு மாறினார்கள். இரும்பைக் காயப்படுத்தாமல் கட்டிப்பிடிக்கும் முறை. கைவேலைக்காரனும் எஞ்சினியரும் சமரசம் செய்துகொண்ட இடம் அந்த யூ போல்ட் என்பேன்.

ஃபெர்குசனின் வழி நம் பக்கமும் வந்தது. மாசி ஃபெர்குசனின் கூட்டோடு 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் சிவப்பு வண்டிகள் எங்கள் பாகூர் வயல்கள் வரை ஓடுகின்றன. நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு டிராக்டர் கடன் விண்ணப்பங்கள் வரும். கொட்டேஷனில் வண்டியோடு வரும் சாமான்கள் வரிசையாக இருக்கும்: டூல்ஸ், டாப் லிங்க், ஹூக், பம்பர், கேனபி, டிராபார். ஒவ்வொன்றாக டிக் போடுவேன். சங்கிலி என்ற சொல்லை அந்த வரிசையில் நான் பார்த்ததில்லை. அதை வைக்க ஓர் இடமும் இல்லை.

பாகூரில் பயிர் செய்யும் என் மைத்துனரின் வண்டியில் சங்கிலி ஒரு சாக்குப்பையில், இருக்கையின் கீழே. மட்கார்டில் ஒரு பெட்டி வைக்கக் கூடாதா மாமா என்று கேட்டேன். பெட்டியை வைத்தால் ஆள் எங்கே உட்காருவது என்றார். நடவுக்குப் போகும் பெண்கள் ஒரு பக்கத்துக்கு இருவர், பிடித்துக்கொள்ள மட்கார்டின் விளிம்பு மட்டும், காலுக்குக் கீழே ஓடும் சக்கரம். அங்கே பெட்டி உட்காரும் இடத்தில் இங்கே மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.